ஒன்பதாம் வகுப்பில் ஆங்கிலம் எழுத்துக்கூட்டத் தெரியாத பிள்ளைகள்: பாடத்தை முடிப்பதா, வாசிக்கக் கற்றுக்கொடுப்பதா?

அரூர் ஆசிரியர்

வணக்கம். தர்மபுரி மாவட்டத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் ஆங்கிலப் பட்டதாரி ஆசிரியராக இருக்கிறேன். ஆறு முதல் பத்து வரை ஐந்து வகுப்புக்கும் ஆங்கிலத்துக்கு நான் ஒருவன்தான். எங்களைப் போன்ற சின்னப் பள்ளிகளில் பாடத்துக்கு ஒருவர், அவ்வளவுதான் பணியிடம்.

போன வாரம் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை ஒவ்வொருவராக மேசைக்கு அழைத்து, நான்காம் வகுப்பு ஆங்கிலப் புத்தகத்தில் ஒரு பத்தியை வாசிக்கச் சொன்னேன். ஏழெட்டுப் பேர் தடையில்லாமல் வாசித்தார்கள். கொஞ்சம் பேர் தட்டுத்தடுமாறி முடித்தார்கள். கிட்டத்தட்டப் பாதி வகுப்பால் ஒரு வரிகூட முடியவில்லை. சின்ன எழுத்து பி-க்கும் (b) டி-க்கும் (d) வயிறு எந்தப் பக்கம் வரும் என்று தெரியாமல் நின்றவர்களும் உண்டு.

எனக்குத் தூக்கம் போனது அதனால் மட்டும் அல்ல. இதே பிள்ளைகளின் நோட்டுகளைத் திருத்தியிருக்கிறேன். கேள்வி பதில் எல்லாம் முத்து முத்தான கையெழுத்தில் இருக்கும். கரும்பலகையைப் பார்த்து எழுதியது. 'நீ எழுதியதை நீயே வாசி' என்றதும் தலை குனிந்துவிட்டார்கள்.

2020 மார்ச்சில் பள்ளி மூடியபோது இவர்கள் நான்காம் வகுப்பு. 2021 நவம்பரில் திறந்தபோது ஆறாம் வகுப்பு. வாசிப்பு கைவர வேண்டிய காலம் அப்படியே போய்விட்டது. 2022-ல் அடிப்படை வாசிப்பும் கணக்கும் கற்பிக்கும் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தபோது அது சின்ன வகுப்புகளுக்கு. இவர்கள் அதைத் தாண்டியிருந்தார்கள்.

நான் செய்ய நினைப்பது இது. தீபாவளி வரைக்கும் ஒன்பதாம் வகுப்பில் பாடப்புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, எழுத்தின் ஒலியில் தொடங்கி வாசிப்பு மட்டும் கற்பிக்கப்போகிறேன். காலாண்டுத் தேர்வில் வகுப்பு சறுக்கும், தெரியும். எங்கள் தலைமையாசிரியர் ஒத்துக்கொள்ளவில்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள், நான் நினைப்பது தப்பா?

பணி நிறைவு

தம்பி, 34 வருடம் இந்த வேலையில் இருந்தேன், அதில் 9 வருடம் தலைமையாசிரியர். உங்கள் தலைமையாசிரியர் சொல்வதுதான் சரி.

ஒன்பதாம் வகுப்பு என்பது பத்தாம் வகுப்புக்கு முன்னால் நமக்குக் கிடைக்கும் கடைசி வருடம். அங்கே போய்ப் பாடத்தை மூடிவைத்தால், அடுத்த வருடம் பொதுத்தேர்வில் கடிதம் எப்படித் தொடங்கும் என்றுகூடத் தெரியாமல் போய் உட்காருவார்கள். வாசிக்கத் தெரியாத பையனைப் பாஸ் ஆக்க முடியாது என்று நினைக்காதீர்கள். மனப்பாடச் செய்யுள், கடிதத்தின் அமைப்பு, படத்தைப் பார்த்து எழுதும் ஐந்து வாக்கியம், விளம்பரக் கட்டம், குறிப்பு விரித்து எழுதுதல் என்று மினிமம் மெட்டீரியல் போட்டு, ஜனவரியிலிருந்து மார்ச் வரை தினம் எழுதவைத்தால் 35 வாங்கிவிடுவான். நான் வாங்கவைத்திருக்கிறேன்.

அந்த 35-ஐ யாரும் கேவலமாகப் பேசாதீர்கள். ஐ.டி.ஐ.-யில் பல பிரிவுக்கு, பாலிடெக்னிக்குக்கு, குரூப் 4 எழுத, இரண்டாம் நிலைக் காவலராக, எல்லாவற்றுக்கும் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும். பெண் பிள்ளைக்கு அது இன்னும் பெரியது. மே மாதம் ஆங்கிலத்தில் தோற்ற ஒரு பிள்ளையின் கல்யாணப் பத்திரிகையை ஆவணியில் என் கையில் கொடுத்தார்கள். பதினாறு வயது. தடுக்க அலைந்தேன், முடியவில்லை. அன்றைக்கு முடிவெடுத்தேன், என் பள்ளியில் எந்தப் பிள்ளையும் ஆங்கிலத்தால் நிற்கக்கூடாது என்று.

வாசிப்பு வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் மூழ்குகிற பிள்ளைக்கு முதலில் கயிறு, நீச்சல் அப்புறம்.

தறிக்காரர் மகள்

ஐயா, நீங்கள் கயிறு போட்டுக் கரையேற்றிய பிள்ளைகளில் ஒருத்தி நான். உங்கள் பள்ளியில் இல்லை, நாமக்கல் பக்கம். நன்றியோடுதான் எழுதுகிறேன்.

பத்தாம் வகுப்பில் ஆங்கிலத்தில் 71, பன்னிரண்டில் 78. என் அம்மா தறிப்பட்டறை முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். நர்சிங் சேர்ந்தேன். முதல் வாரமே அனாடமி புத்தகத்தைப் பிரித்தேன். ஒரு பக்கம் வாசிக்க ஒன்றரை மணி நேரம் ஆனது, அதற்குப் பிறகும் ஒன்றும் ஏறவில்லை. படத்தைப் பார்த்து எழுதும் ஐந்து வாக்கியம் எனக்கு இன்றும் மனப்பாடம். 'திஸ் இஸ் எ பியூட்டிஃபுல் பிக்சர்' என்று தொடங்கும். எந்தப் படம் கொடுத்தாலும் அதையே எழுதலாம் என்று சொல்லிக்கொடுத்தார்கள். ஒரு முறை விபத்துப் படம் கொடுத்தார்கள், அதற்கும் அதையே எழுதினேன், மதிப்பெண்ணும் வந்தது.

வார்டில் நோயாளியிடம் பேசுவது தமிழ். கேஸ் ஷீட், மருந்து எழுதும் சார்ட், அடுத்த ஷிப்டுக்கு ஒப்படைக்கும் குறிப்பு எல்லாம் ஆங்கிலம். ஒரு மருந்தின் பெயரும் இன்னொரு மருந்தின் பெயரும் இரண்டே எழுத்தில்தான் வித்தியாசப்படும். சொல்லைப் படமாகப் பார்த்துப் பழகியவளுக்கு அந்த இரண்டு எழுத்து கண்ணில் படாது. என் உடல் நடுங்கிய நாட்கள் உண்டு. கூடப் படித்த மூன்று பேர் முதல் வருடத்திலேயே நின்றுவிட்டார்கள். மூன்று பேரும் அரசுப் பள்ளி, மூன்று பேரும் நல்ல மதிப்பெண்.

விடுதியில் ஒரு அக்கா தினம் இரவு என்னை உட்காரவைத்து வாசிக்கவைத்தார். ஆறு மாதம் ஆயிற்று. பதினெட்டு வயதில் ஆறு மாதத்தில் முடிந்தது பதினான்கு வயதில் முடியாதா? சார், தயவுசெய்து செய்யுங்கள்.

பணி நிறைவு

அம்மா, உங்கள் வார்த்தை எனக்கு வலிக்கிறது, வலிக்க வேண்டியதுதான். ஆனால் அந்த 71 இல்லாமல் நீங்கள் அந்த விடுதிக்கே போயிருக்க மாட்டீர்கள் என்பதையும் யோசியுங்கள்.

அறிவியல் டீச்சர்

இரண்டு பேரும் சொல்லாத ஒன்று. 2024 பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் ஆங்கிலத்தில் தேர்ச்சி 99.15 சதவீதம். தமிழில் 96.85. தாய்மொழியை விட ஆங்கிலத்தில் அதிகம் பேர் தேறுகிறார்கள் என்று அந்த எண் சொல்கிறது. அரூர் சார் வகுப்பில் பாதிப் பேரால் நான்காம் வகுப்புப் பத்தியை வாசிக்க முடியவில்லை. அப்படியானால் அந்தத் தாள் எதை அளக்கிறது? 100 மதிப்பெண்ணும் எழுத்துத் தேர்வு. பேசுவதற்கோ கேட்டுப் புரிந்துகொள்வதற்கோ ஒரு மதிப்பெண் கிடையாது. வினாத்தாளின் அமைப்பு மாறாதவரை ஆசிரியர் தலையில் மட்டும் பாரத்தைப் போடுவது நியாயமில்லை.

அடுத்து, ஆங்கிலவழிப் பிரிவு. 2012-13-ல் இருந்து அரசுப் பள்ளிகளில் பெருமளவில் தொடங்கினார்கள். அதற்கென்று தனியாக ஆசிரியர் போடவில்லை. தமிழ்வழிக்கு எடுத்த அதே நான் ஆங்கிலவழிக்கும் எடுக்கிறேன். பல நாள் இரண்டு பிரிவையும் ஒரே அறையில் உட்காரவைத்து எடுக்கிறேன். ஒளிச்சேர்க்கையைத் தமிழில் விளக்குகிறேன், எல்லாப் பிள்ளைக்கும் புரிகிறது, கேள்வி கேட்கிறார்கள். பிறகு ஆங்கிலவழிப் பிள்ளைகள் அதே விஷயத்தைப் புத்தகத்தில் உள்ள ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்கிறார்கள். புரிந்தது ஒரு மொழியில், எழுதுவது புரியாத மொழியில். தன் வார்த்தையில் எழுதச் சொன்னால் வார்த்தையே இல்லை. இது ஆங்கிலம் கற்பதும் இல்லை, அறிவியல் கற்பதும் இல்லை.

என் கருத்து: எல்லாப் பாடமும் தமிழ்வழியில். ஆங்கிலம் ஒரு பாடமாக, உருப்படியாக. தமிழ்வழியில் படித்தவர்களுக்கு மாநில அரசு வேலையில் 20 சதவீத முன்னுரிமை 2010-ல் இருந்து சட்டமாகவே இருக்கிறது. இதை எத்தனை பெற்றோருக்குச் சொல்லியிருக்கிறோம்?

அப்புறம், அரூர் சாரிடம் ஒரு கேள்வி. வாசிக்க முடியாத அந்தப் பாதிப் பேர் தமிழை எப்படி வாசிக்கிறார்கள்? அதைச் சோதித்தீர்களா?

இரு பிள்ளைத் தாய்

டீச்சர், நீங்கள் சொல்வது கேட்க நன்றாக இருக்கிறது. நான் கேட்பதைத் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் பிள்ளைகள் எந்தப் பள்ளியில், எந்த வழியில் படிக்கிறார்கள்?

என் மகன் ஆறாம் வகுப்பு, அரசுப் பள்ளி, ஆங்கிலவழி. மகள் எட்டாம் வகுப்பு, அதே பள்ளி, தமிழ்வழி. அவள் சேரும்போது எனக்கு விவரம் தெரியாது. இரண்டு வருடம் மெட்ரிகுலேஷனில் மகனுக்குப் பணம் கட்டினேன். அவருக்கு வேலை நின்றதும் கட்ட முடியவில்லை. அரசுப் பள்ளியில் ஆங்கிலவழி இருக்கிறது என்றதால்தான் கூச்சமில்லாமல் கொண்டுவந்து சேர்த்தேன். அது இல்லையென்றால் வட்டிக்கு வாங்கியாவது தனியாருக்குத்தான் போயிருப்பேன். எங்கள் தெருவில் எல்லோரும் அப்படித்தான்.

புரியாமல் மனப்பாடம் செய்கிறான், எனக்கும் தெரிகிறது. ஆனால் துணிக்கடையில் வேலைக்குப் போனால்கூட, பில் போடும் இடத்தில் நிற்பவனுக்கு ஒரு சம்பளம், துணி மடிப்பவனுக்கு ஒரு சம்பளம். பில் போடும் இடத்தில் நிற்க ஆங்கிலம் வேண்டும். அது எந்த வழியில் வரும் என்று நீங்கள் படித்தவர்கள் முடிவு செய்துகொள்ளுங்கள். வர வேண்டும், அதுதான் எனக்கு.

அறிவியல் டீச்சர்

கேட்டது நியாயம்தான் அம்மா. என் மகள் தனியார் பள்ளியில் ஆங்கிலவழியில் படித்தாள். வீட்டில் புத்தகம் இருந்தது, நானும் கணவரும் ஆங்கிலம் வாசிப்போம், புரியாததை இரவில் சொல்லிக்கொடுத்தோம். அதனால் தாங்கினாள். உங்கள் மகனுக்கு அந்த இரவு நேரத் துணை இல்லை. அவனை எங்கள் கையில் ஒப்படைக்கிறீர்கள். எங்களிடமோ ஆள் இல்லை. என் பயம் அங்கேதான். என் வீட்டில் நான் செய்தது வேறு, இங்கே பேசுவது வேறு என்பதை மறைக்க விரும்பவில்லை.

பணி நிறைவு

என் பிள்ளைகளும் மெட்ரிகுலேஷன்தான். இந்தக் கேள்விக்கு எங்களைப் போன்றவர்கள் தலை குனியத்தான் வேண்டும்.

அரூர் ஆசிரியர்

அறிவியல் டீச்சர் கேட்ட பிறகு இரண்டு நாள் செலவழித்துத் தமிழ் வாசிப்பையும் சோதித்தேன். ஆங்கிலம் வாசிக்க முடியாதவர்களில் பெரும்பாலோருக்குத் தமிழும் தள்ளாடுகிறது. தமிழைச் சரளமாக வாசிக்கும் சிலர் மட்டும் ஆங்கிலத்தில் விழுகிறார்கள். இரண்டும் வேறு வேறு நோய். எங்கள் தமிழாசிரியையோடு பேசிவிட்டேன், முதல் கூட்டத்துக்கு அவர் தமிழிலிருந்து தொடங்குகிறார்.

இரண்டாவது கூட்டம் ஏன் விழுகிறது என்று எனக்கு ஓரளவு புரிகிறது. தமிழில் எழுத்தின் பெயரும் ஒலியும் பெரும்பாலும் ஒன்று. 'ம' என்று சொன்னால் சொல்லிலும் அது 'ம'தான். ஆங்கிலத்தில் எழுத்துக்குப் பெயர் ஒன்று, சொல்லுக்குள் ஒலி இன்னொன்று. 'சி' என்ற பெயர் கொண்ட எழுத்து 'கேட்' (cat) என்ற சொல்லில் 'க்', 'சிட்டி' என்ற சொல்லில் 'ஸ்'. நாம் ஒன்றாம் வகுப்பிலிருந்து 'சி ஏ டி கேட்' என்று பாட்டாகச் சொல்லவைக்கிறோம். சி-யும் ஏ-யும் டி-யும் சேர்ந்தால் ஏன் 'கேட்' வருகிறது என்று குழந்தைக்கு யாரும் சொல்வதில்லை. அது முழுச் சொல்லையும் ஒரு படமாக மனதில் வைத்துக்கொள்கிறது. நர்ஸ் அம்மா சொன்னது அதேதான். நூறு சொல் வரை படமாக வைத்துக்கொள்ளலாம். ஆறாம் வகுப்பில் சொற்கள் வெள்ளமாக வரும்போது தாங்காது.

இன்னொன்று. தமிழ் எழுத்தில் ப ஒன்றுதான். 'பம்பரம்' என்று சொல்லிப்பாருங்கள். முதல் ப ஒரு ஒலி, நடுவில் வரும் ப வேறு ஒலி. நம் வாய் இரண்டையும் சரியாகச் சொல்கிறது, எழுத்து இரண்டையும் பிரித்துக் காட்டுவதில்லை. ஆங்கிலத்தில் அந்த இரண்டுக்கும் தனித்தனி எழுத்து. நேற்று வகுப்பில் தொண்டையில் கை வைத்துக்கொண்டு 'பம்பரம்' சொல்லச் சொன்னேன். இரண்டாவது ப-வில் தொண்டை அதிர்வதைக் கையால் உணர்ந்ததும் ஒரு பெண், 'சார், அப்ப தந்தையில வர்ற ரெண்டு த-வும் வேற வேறயா?' என்று கேட்டாள். எட்டு வருடத்தில் ஆங்கில வகுப்பில் அவள் கேட்ட முதல் கேள்வி அதுவாக இருக்கலாம். தமிழை வைத்துத்தான் அதைச் சொல்லிக்கொடுத்தேன். ஆங்கில வகுப்பில் தமிழ் பேசக்கூடாது என்ற விதியை நான் இனி மதிக்கப்போவதில்லை.

எஸ், ஏ, டி, பி, ஐ, என் (s, a, t, p, i, n) என்று ஆறு எழுத்தின் ஒலி தெரிந்தாலே பின், டின், டிப், நிப், ஸிப், டேப் (pin, tin, tip, nip, sip, tap) என்று பல சொற்களைத் தானே கூட்டி வாசிக்கலாம். யாரும் சொல்லிக்கொடுக்காத ஒரு சொல்லைத் தானாக வாசிக்கும்போது அந்த முகம் மாறுவதைப் பார்க்க வேண்டும்.

ஐயா, உங்களுக்கு ஒன்று. நீங்கள் கயிறு என்கிறீர்கள். மைக்கேல் வெஸ்ட் என்று ஓர் ஆங்கிலேயர், டாக்கா ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இருந்தவர். வங்காளத்துப் பள்ளிகளைப் பார்த்து 1926-ல் எழுதினார். பெரும்பாலான பிள்ளைகள் பாதியில் நின்றுவிடுகிறார்கள், அப்படி நிற்கும் பிள்ளையின் கையில் என்ன மிஞ்சும் என்று கேட்டார். அதற்கு அவர் வைத்த பெயர் சரண்டர் வேல்யூ. நம் ஊரில் எல்.ஐ.சி. பாலிசியைப் பாதியில் நிறுத்தினால் என்ன கிடைக்கும் என்று கேட்போமே, அதே சொல். பேச்சும் இலக்கணமும் பாதியில் நின்றால் ஒன்றும் மிஞ்சாது, வாசிப்பு மட்டும் நின்ற இடத்திலும் மிஞ்சும் என்றார். என் பிள்ளைகளில் பலர் பத்தாம் வகுப்போடு பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போவார்கள், அப்பா அம்மா ஏற்கெனவே அங்கேதான் இருக்கிறார்கள். மனப்பாடம் செய்த கடிதம் ஏப்ரலில் மறந்துவிடும். வாசிக்கத் தெரிந்தால் அது கூடவே போகும்.

வன்னி மிஸ்

இலங்கையில் கிளிநொச்சிப் பக்கம் ஒரு பாடசாலையில் ஆங்கிலம் படிப்பிக்கிறேன். இந்த விவாதத்தைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

உங்கள் ஊரில் பரீட்சைதான் பிள்ளைகளை மனனம் செய்யவைக்கிறது என்கிறீர்கள். எங்கள் நிலைமையையும் கேளுங்கள். இங்கே க.பொ.த. சாதாரண தரத்தில் (உங்கள் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு மாதிரி) முதல்மொழியும் கணிதமும் கட்டாயம் சித்தியடைய வேண்டும். ஆங்கிலத்தில் சித்தியில்லாவிட்டாலும் உயர்தரம் (உங்கள் பிளஸ் டூ மாதிரி) படிக்கலாம். அப்போ நெருக்கடி இல்லை, ஆசிரியர் நிம்மதியாக வாசிப்பைப் படிப்பிக்கலாம் என்று நினைப்பீர்கள். நடப்பது வேறு. 'ஆங்கிலம் வேண்டாம் மிஸ், கணிதத்தைப் பார்க்கிறேன்' என்று பத்தாம் ஆண்டிலேயே பிள்ளை கைவிட்டுவிடுகிறது. விடைத்தாளில் பெயரை எழுதிவிட்டுச் சும்மா இருக்கிற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். பிறகு பல்கலைக்கழகம் போனால் விஞ்ஞானம், மருத்துவம் எல்லாம் ஆங்கிலத்தில்.

அதனால் பரீட்சையைத் தூக்கினால் எல்லாம் சரிவரும் என்று நம்பாதீர்கள். வாசிப்பு தொடங்க வேண்டிய இடத்தில் தொடங்கவில்லை, அதுதான் அடி. எங்கள் பிள்ளைகளுக்கு யுத்தத்தில் போன வருடங்கள், உங்கள் பிள்ளைகளுக்குக் கொரோனாவில் போன வருடங்கள்.

நான் செய்வது சின்ன விஷயம். ஒவ்வொரு பாடத்திலும் முதல் பத்து நிமிடம் வாய்விட்டு வாசிப்பு. நான் ஒரு வரி, பிள்ளைகள் ஒரு வரி, பிறகு இரண்டிரண்டு பேராக. விளங்காததைத் தமிழில் சொல்கிறேன். நாலு வருடமாகச் செய்கிறேன். எல்லோருக்கும் வரவில்லை. ஆனால் விடைத்தாளை வெறுமையாக விடுகிற பிள்ளைகள் குறைந்திருக்கிறார்கள்.

பணி நிறைவு

மிஸ் எழுதியதை இரண்டு முறை படித்தேன். பரீட்சை இல்லாவிட்டால் பிள்ளை பாடத்தையே கைவிடும் என்பதற்கு அது சாட்சி. என் பக்கத்துக்கும் அதில் நியாயம் இருக்கிறது.

தம்பி, வெஸ்ட்டைக் காட்டினீர்கள். நம் ஊரிலேயே நடந்ததைச் சொல்கிறேன். 1959-ல் மெட்ராஸ் ஸ்னோபால் என்று ஒரு பெரிய பயிற்சி நடந்தது. பிரிட்டிஷ் கவுன்சில் துணையோடு சிலருக்குப் பயிற்சி, அவர்கள் இன்னும் பலருக்கு, அவர்கள் கிராமத்து ஆசிரியர்களுக்கு. பனிப்பந்து உருள உருளப் பெரிதாகும் என்று பெயர். எனக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்த வாத்தியார் அதில் பயிற்சி பெற்றவர். 'திஸ் இஸ் எ புக், தட் இஸ் எ டேபிள்' என்று கையில் எடுத்துக் காட்டிக் காட்டிச் சொல்வார், நாங்கள் பின்னால் சொல்வோம். அவர் நன்றாகத்தான் செய்தார். அவருக்குப் பின்னால் வந்தவர், அது ஏன் என்று தெரியாமல் பாட்டை மட்டும் வைத்துக்கொண்டார்.

அப்புறம் பிரபு. பிரிட்டிஷ் கவுன்சிலில் மெட்ராஸில் இருந்தவர். 1979 முதல் 1984 வரை பெங்களூரிலும் மெட்ராஸிலும் சாதாரணப் பள்ளிகளில் இலக்கணம் சொல்லாமல், ரயில் நேர அட்டவணை, வரைபடம் என்று வேலை கொடுத்து அதன் வழியாக ஆங்கிலம் கற்பித்தார். உலகம் முழுக்க அதைப் பேசினார்கள். ஆனால் பிறகு ஆராய்ந்தபோது, அந்த முறையில் ஊறியவர்கள் நடத்திய வகுப்பு ஒரு மாதிரியும், பள்ளியின் வழக்கமான ஆசிரியர்கள் நடத்தியது வேறு மாதிரியும் இருந்ததாகத் தெரிந்தது. வழக்கமான ஆசிரியர் தடுமாறினார்.

நான் சொல்ல வருவது என்ன? நீங்கள் தொண்டையில் கை வைத்து ஒலி சொல்லிக்கொடுக்கிறீர்கள். நல்லது, மனசார வாழ்த்துகிறேன். அடுத்த வருடம் மாறுதல் கலந்தாய்வில் சொந்த ஊர்ப் பக்கம் இடம் கிடைத்தால் போய்விடுவீர்கள், போகாதே என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. உங்கள் இடத்தில் வருபவர் என்ன செய்வார்? இடம் காலியாகவே கிடந்தால்? அந்தப் பிள்ளைகளுக்கு வாசிப்பும் பாதி, பாடமும் பாதி. பத்தாம் வகுப்பில் இரண்டும் இல்லாமல் நிற்பார்கள். மினிமம் மெட்டீரியலை யார் வந்தாலும் நடத்தலாம். உங்கள் முறையை உங்களால்தான் நடத்த முடியும். தலைமையாசிரியர் நாற்காலியில் உட்கார்ந்தால் இதைத்தான் முதலில் நினைக்க வேண்டியிருக்கும்.

தறிக்காரர் மகள்

ஐயா சொல்வதில் இந்தப் பயம் உண்மையானது. எங்களுக்கு எட்டாம் வகுப்பில் ஏழு மாதம் ஆங்கில ஆசிரியரே இல்லை. கணக்கு சார் வந்து உட்கார்ந்திருப்பார்.

ஆனால் ஒன்று. ஆசிரியர் இல்லாத அந்த ஏழு மாதத்தில் புத்தகம் எங்கள் பையில்தான் இருந்தது. வாசிக்கத் தெரிந்திருந்தால் நாங்களே வாசித்திருப்போம். ஆசிரியர் போய்விடுவார் என்பதற்காகத்தான் முதலில் வாசிப்பைக் கொடுக்க வேண்டும் என்கிறேன்.

அறிவியல் டீச்சர்

இதை விட நன்றாக யாரும் சொல்ல முடியாது.

அரூர் சார், காலையிலோ மாலையிலோ சிறப்பு வகுப்பு வைத்தால் பாட நேரத்தைத் தொட வேண்டியிருக்காதே? எங்கள் பள்ளியில் அப்படித்தான் செய்கிறோம்.

அரூர் ஆசிரியர்

மாலையில் வைத்தால் மலைக்குப் போகும் பஸ் போய்விடும் டீச்சர். அதைவிட்டால் இருட்டிய பிறகுதான் அடுத்தது, பெண் பிள்ளைகளை நிறுத்திவைக்க முடியாது. காலையில் அந்தப் பஸ் வந்து சேர்வதே முதல் மணி அடிக்கும்போதுதான். மிக மோசமாக வாசிப்பவர்களில் பாதிப் பேர் அந்தப் பஸ்ஸில்தான் வருகிறார்கள். செய்வதானால் பாட நேரத்துக்குள்தான்.

பணி நிறைவு ஐயாவின் கடைசிப் பதிவு என்னை இரண்டு நாள் அசைத்துவிட்டது. நான் போய்விட்டால் என்ன ஆகும் என்று நான் யோசிக்கவே இல்லை. என் வீடு கடலூர்ப் பக்கம். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. அடுத்த கலந்தாய்வில் விண்ணப்பிப்பதாகத்தான் இருந்தேன். வீட்டில் பேசினேன். இந்த ஒன்பதாம் வகுப்பு பத்தாம் வகுப்பு எழுதி முடிக்கும்வரை விண்ணப்பிப்பதில்லை என்று முடிவு. அதற்கு மேல் வாக்குக் கொடுக்க என்னால் முடியாது.

தீபாவளி வரை புத்தகத்தை மூடிவைக்கும் எண்ணத்தையும் விட்டுவிட்டேன். எங்களுக்கு வாரம் ஏழு பாடவேளை. நான்கில் வாசிப்பு, மூன்றில் பாடம். அந்த மூன்றில் கடிதமும் படக் கேள்வியும் ஐயா சொன்னபடி நடக்கும். ஆனால் ஐந்து வாக்கியத்தை மனப்பாடமாகக் கொடுக்க மாட்டேன். படத்தில் இருக்கும் பொருளுக்குப் பெயர் சொல்லி, அதிலிருந்து அவர்களே மூன்று வாக்கியம் எழுதட்டும், மூன்று மதிப்பெண் போதும். நன்றாக வாசிக்கும் அந்த ஏழெட்டுப் பேரை ஆளுக்கு ஒரு சின்னக் குழுவோடு உட்காரவைக்கிறேன், மிஸ் சொன்ன முதல் பத்து நிமிட வாசிப்புக்கு. ஒவ்வொரு வாரமும் என்ன ஒலி, என்ன சொற்கள் என்று ஒரு நோட்டில் தமிழில் எழுதிவைக்கிறேன். எனக்குப் பின்னால் வருபவர் அதைப் பிரித்துப் பார்த்தால் ஏன் என்பதும் தெரியட்டும்.

இரு பிள்ளைத் தாய்

சார், அந்த நோட்டை முடிந்தால் படம் எடுத்து இங்கே போடுங்கள். என் மகளுக்கு நானே உட்கார்ந்து பார்க்கிறேன். எனக்குத் தமிழ் வாசிக்க வரும்.

அரூர் ஆசிரியர்

கண்டிப்பாகப் போடுகிறேன் அக்கா. ஞாயிற்றுக்கிழமைதோறும்.

பணி நிறைவு

மூன்று பாடவேளை பாடத்துக்குக் குறைவு என்றுதான் இன்னும் நினைக்கிறேன். காலாண்டு மதிப்பெண் வந்ததும் இங்கே அப்படியே போடுங்கள், நல்லதோ கெட்டதோ. வாசிக்க முடியாத அந்தப் பாதிப் பேரின் எண் முன்பை விடக் கீழே போயிருந்தால் பங்கீட்டை மாற்றுங்கள், பிடிவாதம் வேண்டாம். உங்கள் தலைமையாசிரியரிடம் இந்த வாரக் கணக்கைக் காகிதத்தில் எழுதிக் கொண்டுபோய்க் கொடுங்கள். வாயால் சொன்னால் பயப்படுவார், எழுத்தில் பார்த்தால் யோசிப்பார். நானாக இருந்தாலும் அப்படித்தான்.

பத்தாம் வகுப்பை மட்டும் இந்த வருடம் தொடாதீர்கள் தம்பி.

அரூர் ஆசிரியர்

தொடவில்லை ஐயா. திங்கட்கிழமை காகிதத்தோடு போகிறேன்.